மலர்ப்பயிர் நோய்க் கட்டுப்பாட்டில் மூடாக்குப் படலம்: தாளிலிருந்து மட்கும் நெகிழி வரை

ஆய்வுச் சுருக்கம்

பயிரடி மண்ணை மூடி வைக்கும் மூடாக்கு, களைத் தடுப்புக்கும் ஈரக் காப்புக்கும் தோன்றிய உழவுமுறையாகும். இருபதாம் நூற்றாண்டில் அது நோய்க் கட்டுப்பாட்டுக் கருவியாகவும் வளர்ந்தது. தாள், பாலித்தீன், மட்கும் நெகிழி என மூடாக்குப் படலம் மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளது. அவ்வரலாற்றை அழகு மலர்ப்பயிர்களின் நோய்களோடு தொடர்புபடுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. படலம் நோயைத் தடுக்கும் வழிகள் தடுப்பு, ஒளி, வளி, வெப்பம் என நான்காகும். இவை ஒவ்வொன்றிற்கும் படலம் சிதையாமல் நிற்கவேண்டிய கால அளவும் தன்மையும் வேறுபடுகின்றன. ஆகவே, மட்கும் படலம் நோயைக் கட்டுப்படுத்துமா என்னும் பொதுவினாவைக் காட்டிலும், எந்த வழியில், எந்தப் பயிரில், எத்தனை நாளுக்கு என்னும் வினாவே பொருத்தமானது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

குறிச்சொற்கள்: மூடாக்கு, மட்கும் நெகிழி, மலர்ப்பயிர், வாடல் நோய், சூரிய வெப்பமூட்டல், மண் புகையூட்டல், பியூசேரியம்.

முன்னுரை

உணவுப்பயிரில் சிறு நோய்த்தழும்பு விளைச்சலின் அளவைச் சற்றே குறைக்கும். அழகு மலரில் அதே தழும்பு விலையையே இல்லாமற் செய்துவிடும். இதழில் ஒரு கறை, இலையில் ஒரு புள்ளி, தண்டில் ஒரு வளைவு இருந்தாலும் கொய்மலர் வணிகத்தில் அம்மலர் கழிக்கப்படும். மேலும், ஒரே பாத்தியில் ஒரே மலரை ஆண்டுதோறும் பயிரிடும் வழக்கம் மண்வாழ் நோய்க்கிருமிகளுக்கு ஏற்ற சூழலை உருவாக்குகிறது. இவ்விரு காரணங்களாலும் மண்ணைத் தூய்மைப்படுத்தும் நுட்பங்களை மலர் வளர்ப்போர் முன்கூட்டியே நாடினர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரட் என்பவர் 1893இல் மண்ணுக்குள் துளையிட்ட குழாய்களைப் பதித்து நீராவி செலுத்திய முறை, பசுமைக்குடில் வளர்ப்பின் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றாகும்.

மூடாக்குப் படலத்தின் வரலாறு இதற்கு வேறான தொடக்கத்தை உடையது. அது கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் பிறந்து, காய்கறி வயல்களில் வளர்ந்து, பின்னரே மலர்ப்பாத்திகளை அடைந்தது. அது நோயைத் தடுக்கும் வழிகளை நான்காகப் பகுக்கலாம். மண்ணிலுள்ள கிருமி இலையை அடையாமல் இடைநிற்பது தடுப்பு. நோய் பரப்பும் பூச்சியை ஒளித்தெறிப்பால் விலக்குவது ஒளி. மண்ணுக்குள் செலுத்திய நச்சுவளியை வெளியேறவிடாமல் அடைப்பது வளி. சூரிய வெப்பத்தை மண்ணில் சிறைப்படுத்திக் கிருமியை அழிப்பது வெப்பம். இப்பகுப்பின் அடிப்படையில் படலப் பொருளின் மாற்றங்களை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது.

தாள் மூடாக்கு: மட்கும் முதற்படலம்

தற்காலப் படல மூடாக்கின் தொடக்கம் ஹவாய்த் தீவுகளில் அமைந்தது. அங்கு ஓலா சர்க்கரை நிறுவனத்தின் மேலாளராக இருந்த சார்லசு எக்கார்ட், 1914ஆம் ஆண்டளவில் கரும்பு வரிசைகளின்மீது தாளை விரித்துக் களைகளை அடக்கும் சோதனைகளைத் தொடங்கினார். கரும்பின் கூர்மையான முளை தாளைத் துளைத்து வெளிவந்தது. அகன்ற இலைகளையுடைய களைகளால் அவ்வாறு வெளிவர இயலவில்லை. 1920களில் இம்முறை அன்னாசித் தோட்டங்களில் பரவியது. ஈரத்தில் விரைந்து நைந்துபோகாதிருக்கத் தாளில் நிலக்கீல் ஏற்றப்பட்டது.

அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த லூயிசு ஃபிளின்ட் 1928இல் வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கை, தாள் மூடாக்கின்கீழ்ப் பல்வேறு பயிர்களின் வளர்ச்சி மேம்படுவதைப் பதிவு செய்தது. மண்வெப்பம், ஈரம், களைத் தடுப்பு ஆகியவையே அக்கால ஆய்வுகளின் மையமாக இருந்தன. நோய்க் கட்டுப்பாடு என்னும் நோக்கம் அப்போது முதன்மை பெறவில்லை.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. தாள் என்பது மரக்கூழிலிருந்து பெறப்படும் செல்லுலோசு. மண்ணுயிர்கள் எளிதில் செரிக்கும் பொருள். எனவே மட்கும் படலம் என்பது இருபத்தோராம் நூற்றாண்டின் புதுமையன்று. முதற்படலமே மட்கும் படலந்தான். மண்ணில் புதைந்த ஓரங்கள் முதலில் மட்கி, காற்று தாளைத் தூக்கிக் கிழித்தமை அதன் பெருங்குறையாக அமைந்தது. இன்று சிறப்பாகப் பேசப்படும் மட்கும் இயல்பு அன்று குறையாகவே கொள்ளப்பட்டது. நிலக்கீல் ஏற்றியதும் அக்குறையை நீக்கும் முயற்சியே.

பாலித்தீனின் வருகை

இங்கிலாந்தின் வின்னிங்டனில் இம்பீரியல் வேதித்தொழில் நிறுவனத்தின் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் ஆகிய இருவரும் 1933ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாலித்தீனைக் கண்டனர். அதன் வணிக உற்பத்தி 1939இல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ரேடார் கருவிகளின் மின்காப்புக்குப் பயன்பட்ட இப்பொருள், போருக்குப் பின்னர் வேளாண்மைக்கு வந்தது.

கென்டக்கி பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைப் பேராசிரியர் எமரி எம்மர்ட் 1948இல் கண்ணாடிக்கு மாற்றாக நெகிழிப் படலத்தைப் பசுமைக்குடில் கூரையாகப் பயன்படுத்தினார். விலைமிகுந்த கண்ணாடியை வாங்க இயலாத நிலையே அம்முயற்சிக்குத் தூண்டுதலாயிற்று. 1950களில் அவர் கறுப்புப் பாலித்தீனைக் காய்கறிப் பயிர்களுக்கு மூடாக்காக இட்டுச் சோதித்தார். பாலித்தீன் ஈரத்தில் நையவில்லை, எடை குறைவு, இயந்திரத்தால் விரிக்கத்தக்கது. தாள் மூடாக்கு இப்போட்டியில் பின்தங்கியது. பாலித்தீனின் நிலைப்புத் தன்மை அக்காலத்தில் மறுப்பின்றிப் பாராட்டப்பட்டது. அந்நிலைப்பே நோய்க் கட்டுப்பாட்டில் பின்வரும் நான்கு பயன்களுக்கும் வழிவகுத்தது.

தடுப்பு: மழைத்துளியும் நோய்வித்தும்

ரோஜாவின் கரும்புள்ளி நோயை உண்டாக்கும் டிப்லோகார்ப்பான் ரோசே என்னும் பூசணம், உதிர்ந்த இலைகளிலும் நோயுற்ற தண்டுகளிலும் தங்கியிருந்து அடுத்த பருவத்தில் பரவுகிறது. அதன் வித்துகள் மழைத்துளி அல்லது பாசனநீர் தெறிப்பதால் கீழிலைகளை அடைகின்றன. இலையின் ஈரம் பல மணிநேரம் நீடித்தால் வித்து முளைத்துத் தொற்று நிகழும். பாத்தியை மூடி, சொட்டுநீரைப் படலத்தின் அடியில் செலுத்தினால் தெறிப்பும் இலையீரமும் குறையும் என்பது இம்முறையின் கோட்பாடு.

எனினும், மூடாக்கு எதுவாயினும் தெறிப்பைக் குறைக்கும் எனக் கொள்வது பிழையாகும். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரன்சு மேடன் குழுவினர் 1990ஆம் ஆண்டையொட்டி ஸ்ட்ராபெரிப் பயிரில் செய்த ஆய்வுகள் இதனைத் தெளிவுபடுத்தின. செயற்கை மழையில் நோய்வித்துகள் மிகுதியாகப் பரவியது வழுவழுப்பான நெகிழிப் பரப்பின்மீதே ஆகும். வைக்கோற் பரப்பு துளியின் விசையை உள்வாங்கியதால் அங்குப் பரவல் குறைந்தது. மண்ணிலுள்ள கிருமிக்கு நெகிழி தடையாகிறது. ஆனால் படலத்தின்மேல் விழுந்துவிட்ட நோயுற்ற இதழுக்கும் இலைக்கும் அதுவே தெறிதளமாகிறது. மலர்ப்பாத்தியில் உதிரும் இதழ்கள் மிகுதி என்பதால் இவ்வேறுபாடு கொய்மலர் வளர்ப்புக்குச் சிறப்பாகப் பொருந்தும். மேல்தெளிப்புப் பாசனம் தொடருமாயின் படலத்தின் பயன் பெரிதும் குன்றும்.

ஒளி: கிளாடியோலஸ் வயலில் அலுமினியம்

படல மூடாக்கு ஒரு மலர்ப்பயிரின் நோய்க்கெனவே சோதிக்கப்பட்ட குறிப்பிடத்தக்க நிகழ்வு 1960களில் அமெரிக்காவில் நடந்தது. கிளாடியோலஸ் பயிரில் வெள்ளரித் தேமல் நச்சுயிரி பூக்களில் நிறச்சிதைவை உண்டாக்கிப் பெருந்தீங்கு விளைவித்தது. இந்நச்சுயிரியை அசுவினிகள் பரப்புகின்றன. அசுவினி தன் வாயுறுப்பை இலையில் செருகிச் சுவைபார்க்கும் மிகச் சிறிய நேரத்திற்குள்ளேயே தொற்று நிகழ்ந்துவிடுகிறது. பூச்சிக்கொல்லி அசுவினியைக் கொல்வதற்குள் அது தொற்றை ஏற்றியிருக்கும். ஆகவே வந்தமரும் பூச்சியைக் கொல்வதைவிட, வந்தமராமற் செய்வதே தேவையாயிற்று.

ஜான்சன், பிங், ஸ்மித் ஆகிய மூவரும் 1967இல் வெளியிட்ட ஆய்வு, கிளாடியோலஸ் வரிசைகளுக்கிடையே ஒளிதெறிக்கும் பரப்புகளை விரித்து அசுவினி வருகையையும் நச்சுயிரிப் பரவலையும் குறைக்கலாம் எனக் காட்டியது. பறந்துவரும் அசுவினி, வானொளிக்கும் நிலத்தின் நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே இறங்குமிடத்தை அறிகிறது. நிலத்திலிருந்தும் வானொளி தெறிக்கும்போது, குறிப்பாகப் புறஊதாக் கதிர்கள் தெறிக்கும்போது, அது தரையிறங்காமல் விலகுகிறது.

இம்முறைக்கு இயற்கையான ஓர் எல்லை உண்டு. பயிரின் இலைகள் பரப்பை மறைத்ததும் தெறிப்பு குறைந்து காப்பும் நின்றுவிடும். இளம்பருவத் தொற்றே கூடுதல் சேதம் விளைவிப்பதால், அக்குறுகிய காலக் காப்பும் மதிப்புடையதாகும். படலம் ஆண்டுக்கணக்கில் நிலைக்கவேண்டிய தேவை இங்கு இல்லை என்பது பின்னர் வரும் விவாதத்துக்கு முதன்மையான சான்றாகும். ஆனால் ஒளியைத் தெறிக்கும் அலுமினியம் ஒரு மாழை. அது மட்கும் பொருளன்று. மட்கும் படலத்தில் இதே பயனைப் பெற வேண்டுமாயின் தெறிப்பை வேறு நிறமிகளால் உண்டாக்க வேண்டியுள்ளது.

வளி: புகையூட்டலும் அதன் வீழ்ச்சியும்

நான்கு வழிகளுள் வணிகமுறையில் மிகப் பெரிதாக வளர்ந்தது மண் புகையூட்டலாகும். முதல் உலகப்போரில் நச்சுவளியாகப் பயன்பட்ட குளோரோபிக்ரினும், 1932இல் பிரான்சில் பூச்சிக்கொல்லித் திறன் அறியப்பட்ட மெத்தில் புரோமைடும் மண்ணைத் தூய்மைப்படுத்தப் பயன்பட்டன. மெத்தில் புரோமைடு விரைந்து ஆவியாகும் வளி. அதனை மண்ணில் அடைத்துவைக்கப் பாலித்தீன் விரிப்பு தேவைப்பட்டது. கலிபோர்னியா, புளோரிடா மாநிலங்களின் கொய்மலர், கிழங்குமலர் வயல்களிலும் இது வழக்கமாயிற்று. நூற்புழு, களைவிதை, வாடல் நோய்ப் பூசணம் ஆகிய மூன்றும் ஒரே செயலில் ஒடுங்கியமை வளர்ப்போரை ஈர்த்தது.

இதற்கான எச்சரிக்கைகளும் உடன் எழுந்தன. கலிபோர்னியாவில் அழகுப்பயிர் நோய்களை ஆராய்ந்த கென்னத் பேக்கர் 1957இல் பதிப்பித்த நாற்றங்கால் கையேடு, மண்ணை முற்றிலும் உயிரற்றதாக்குவதன் தீங்கை வலியுறுத்தியது. போட்டியிடும் உயிர்கள் இல்லாத மண்ணில் தற்செயலாக நுழையும் நோய்க்கிருமி தடையின்றிப் பெருகும். ஆகவே கிருமியை அழித்து நல்லுயிர்களை ஓரளவு விட்டுவைக்கும் மிதவெப்பமே சிறந்தது என்னும் கருத்து வலுப்பெற்றது.

மெத்தில் புரோமைடின் வீழ்ச்சிக்கு இருவகைக் காரணங்கள் அமைந்தன. நெதர்லாந்தில் நீர்நிலைகளில் புரோமைடு கலந்ததால் அதன் மண்பயன்பாடு 1992இல் முடிவுக்கு வந்தது. உலக அளவில், ஓசோன் அடுக்கைச் சிதைக்கும் பொருளாக அது 1992இல் கோபன்கேகனில் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. விதிவிலக்குகள் நீங்கலாக, வளர்ந்த நாடுகள் 2005இலும் வளரும் நாடுகள் 2015இலும் அதனை நிறுத்தவேண்டும் என வரையறுக்கப்பட்டது. வளியை அடைக்கப் பயன்பட்ட பாலித்தீன் அவ்வளியை முழுமையாகத் தடுக்கவில்லை. கணிசமான பகுதி படலத்தின் ஊடாகவே காற்றில் கலந்தது. பின்னர் வளி ஊடுருவாத பல்லடுக்குப் படலங்கள் உருவாக்கப்பட்டன.

வெப்பம்: சூரிய வெப்பமூட்டலும் கார்னேசன் வாடலும்

நச்சுவளிக்கு மாற்றாக இசுரேலில் உருவான முறை சூரிய வெப்பமூட்டலாகும். எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யாக்கோவ் கட்டானும் அவர்தம் குழுவினரும் 1976இல் இதனை வெளியிட்டனர். கோடையில் ஈரமான மண்ணின்மீது ஒளி ஊடுருவும் பாலித்தீனை விரித்து, நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை விட்டுவைப்பதே செய்முறை. மேல்மண்ணின் வெப்பம் 45 முதல் 55 டிகிரி செல்சியசு வரை உயரும். ஆழம் கூடக்கூட வெப்பம் குறையும். ஈரம் வெப்பத்தைக் கீழே கடத்துவதோடு, கிருமியின் உறங்குநிலையையும் தளர்த்தி அதனை வெப்பத்துக்கு இரையாக்குகிறது. கறுப்புப் படலம் தானே வெப்பத்தை ஏற்றுக்கொள்வதால் இதற்குப் போதிய அளவு பயன்படவில்லை. நைந்த கிருமியைப் பிற மண்ணுயிர்கள் தாக்குவதும் இம்முறையின் வெற்றிக்குத் துணைபுரிகிறது. பேக்கர் வலியுறுத்திய மிதவெப்பக் கோட்பாட்டோடு இது ஒத்துச்செல்வதைக் காணலாம்.

மலர்ப்பயிர்களுள் இம்முறையின் தேவையை நன்கு உணர்த்துவது கார்னேசன். இதன் வாடல் நோயை உண்டாக்கும் பூசணத்தைப் பிரான்சில் பிரில்லியோ, தெலாக்ருவா ஆகியோர் 1899இல் விவரித்தனர். இன்று அது பியூசேரியம் ஆக்சிஸ்போரம் இனத்தின் டயாந்தி சிறப்புவடிவம் என வழங்கப்படுகிறது. தடித்த சுவருடைய உறங்குவித்துகளாக இது மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். வேர்வழி நுழைந்து நீர்க்குழாய்களை அடைத்துச் செடியை வாட்டும். இத்தாலியின் லிகூரியக் கடற்கரை, தெற்கு இசுபெயினின் கடலோரப் பகுதி முதலிய கார்னேசன் வட்டாரங்களில் இந்நோய் பெரும் இழப்பை ஏற்படுத்தியது. தெற்கு இசுபெயினில் மெத்தில் புரோமைடு நின்றபின், கோழியெரு போன்ற கரிமப் பொருள்களை மண்ணிலிட்டு அதன்மேல் சூரிய வெப்பமூட்டலைச் செய்யும் கூட்டுமுறை ஆராயப்பட்டது. 2011இல் வெளியான ஆய்வு அதன் பயனைப் பதிவு செய்துள்ளது.

இதனோடு உறவுடைய மற்றொரு முறை நெதர்லாந்தில் தோன்றியது. பிளாக் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பசுந்தழையை மண்ணில் கலந்து வளிபுகாப் படலத்தால் மூடினால், உயிர்வளி தீர்ந்து, நொதித்தலில் உண்டாகும் பொருள்களால் பியூசேரியம், ரைசோக்டோனியா, வெர்ட்டிசிலியம் ஆகியவை குறைவது காட்டப்பட்டது. சூரிய வெப்பம் குறைந்த வடநாடுகளுக்கு இது ஏற்றதாயிற்று. இம்முறை முழுவதும் படலத்தின் வளித்தடுப்புத் திறனையே சார்ந்துள்ளது.

மட்காத எச்சமும் மட்கும் படலமும்

பாலித்தீனின் நிலைப்புத் தன்மை வயலில் எச்சமாகக் குவிந்தபோது மதிப்பீடு மாறியது. சீனா 1970களின் இறுதியில் ஜப்பானிலிருந்து படல மூடாக்கைப் பெற்றுப் பேரளவில் பரப்பியது. மிக மெல்லிய படலங்கள் அறுவடைக்குப்பின் கிழிந்து மண்ணில் தங்கின. சின்சியாங் வட்டாரப் பருத்தி வயல்களில் இவ்வெச்சம் வேர்வளர்ச்சிக்கும் நீரோட்டத்துக்கும் தடையாயிற்று. 2017இல் சீனா தன் தேசியத் தரநிலையைத் திருத்திப் படலத்தின் குறைந்த அளவுத் தடிமனை 0.008 மில்லிமீட்டரிலிருந்து 0.010 மில்லிமீட்டராக உயர்த்தியது. கிழியாமல் திரும்ப எடுக்கத்தக்கதாகப் படலத்தை வலுப்படுத்துவதே இதன் நோக்கம். ஒரே சிக்கலுக்குப் படலத்தை வலுவாக்குவது ஒரு தீர்வாகவும், மட்கச்செய்வது மற்றொரு தீர்வாகவும் முன்வைக்கப்பட்டமை கருதத்தக்கது.

மட்கச்செய்யும் முயற்சி பல படிகளில் நிகழ்ந்தது. பாரிசு பாஸ்டர் ஆய்வகத்தில் மொரிசு லெமுவான் 1926இலேயே பாக்டீரியா சேமிக்கும் பாலியெசுட்டரைக் கண்டிருந்தார். அது நெடுங்காலம் தொழிலில் பயன்படவில்லை. 1970களில் ஒளியால் சிதையும் படலங்கள் உருவாயின. ஆனால் மண்ணில் புதைந்த ஓரங்களுக்கு ஒளி எட்டாததால் அவை சிதையாமல் நின்றன. அதே காலத்தில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பியோரியா ஆய்வகத்தில் பெலிக்சு ஓட்டே குழுவினர் மாப்பொருள் கலந்த மூடாக்குப் படலத்தை உருவாக்கி 1974இல் வெளியிட்டனர். 1990ஆம் ஆண்டளவில் இத்தாலியின் நோவமான்ட் நிறுவனம் மாப்பொருள் சார்ந்த மேட்டர்-பி என்னும் பொருளையும், 1998இல் செருமனியின் பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் ஈகோபிளெக்சு என்னும் பாலியெசுட்டரையும் வணிகத்துக்குக் கொணர்ந்தன. ஈகோபிளெக்சின் வேதிப்பெயர் பாலிபியூட்டிலீன் அடிப்பேட் டெரிப்தலேட் என்பதாகும். இன்றைய மட்கும் படலங்கள் பலவற்றில் இப்பாலியெசுட்டர் முதன்மைக் கூறாக உள்ளது.

சட்டங்களும் தரநிலைகளும் பின்தொடர்ந்தன. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள் 2014இல் உயிர்மூலப் பொருளாலான மட்கும் படலத்தை ஏற்றன. ஆனால் மூலப்பொருள் முழுவதும் உயிர்மூலமாக இருத்தல் வேண்டும் என்ற விளக்கத்தால், பாறைநெய் மூலக்கூறும் கலந்த வணிகப் படலங்கள் தகுதிபெறவில்லை. 2018இல் வெளியான ஐரோப்பியத் தரநிலை இ.என். 17033, ஆய்வக மண்சோதனையில் படலத்தின் கரிமத்தில் குறைந்தது 90 விழுக்காடு இரண்டு ஆண்டுகளுக்குள் கரியமில வளியாக மாறவேண்டும் என வரையறுத்தது. தாவர முளைப்பு, மண்புழு, நைட்ரசனேற்ற நுண்ணுயிர் ஆகியவற்றுக்குத் தீங்கில்லை என்பதையும் அது சோதிக்கக் கோருகிறது. தாவர நோய்ப் பூசணங்களின் பெருக்கம் அச்சோதனைகளுள் தனியாக இடம்பெறவில்லை.

படலத்தை உண்ணும் பூசணம்

இவ்விடைவெளி மலர்ப்பயிர் நோயியலுக்கு முதன்மையானது. மட்கும் படலத்தை மட்கச்செய்வோர் யாவர் என்னும் வினாவுக்கு அண்மைய ஆய்வுகள் விடை தந்துள்ளன. சூரிச்சு கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சும்ஸ்டைன் குழுவினர் 2018இல், கரிமத்தின் நிறைமிகுந்த ஓரிடத்தானால் அடையாளமிட்ட படலத்தை மண்ணிலிட்டுத் தொடர்ந்தனர். படலத்தின் கரிமம் கரியமில வளியாக வெளியேறியதோடு, படலத்தின்மேல் வளர்ந்த பூசண இழைகளின் உடலிலும் சேர்ந்திருந்தது. ஆகப் பூசணங்கள் படலத்தை உணவாகவே கொள்கின்றன.

பூசண நொதிகளின் வரலாறு இதனை மேலும் நெருக்கமாக்குகிறது. இலையின் மேற்பூச்சான கியூட்டின் ஓர் இயற்கைப் பாலியெசுட்டர். நோய்ப் பூசணங்கள் கியூட்டினேசு என்னும் நொதியால் அதனைச் சிதைப்பதை, கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கொலத்துக்குடி 1970களில் பியூசேரியம் சொலானி பூசணத்தைக் கொண்டு ஆராய்ந்தார். பியூசேரியத்தின் அதே கியூட்டினேசே பாலிகாப்ரோலாக்டோன் என்னும் செயற்கைப் பாலியெசுட்டரையும் சிதைக்கிறது என்பதை மர்பி குழுவினர் 1996இல் நிறுவினர். பாலிகாப்ரோலாக்டோன் மட்கும் நெகிழிக் கலவைகளில் பயன்பட்ட பொருளாகும். தாவரத்தின் மேற்பூச்சைச் சிதைக்கப் பயன்படும் நொதி, அத்தாவரத்தைக் காக்க இட்ட படலத்தின் கூறுகளையும் சிதைக்கவல்லதாக அமைந்துள்ளது.

ஜப்பானில் முரோய் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, பாலிபியூட்டிலீன் அடிப்பேட் டெரிப்தலேட் படலத்தின் பரப்பில் பைவித்துப் பூசணங்கள் செறிவதையும், அவற்றுள் நோய்த்திறன் உடையதாகக் கருதப்படும் செட்டோபோமா டெரெஸ்ட்ரிசு இனம் இருந்ததையும் பதிவு செய்தது. இதனைக் கொண்டு மட்கும் படலம் நோயை வளர்க்கும் எனத் துணிவது பொருந்தாது. மண்ணில் வாழும் பூசணங்களுள் பெரும்பான்மையானவை நோய்ப் பூசணங்கள் அல்ல. படலத்தில் செறியும் நோய்செய்யாப் பூசணங்கள் நோய்ப் பூசணத்துக்குப் போட்டியாகவும் அமையலாம். எனினும், ஒரே பாத்தியில் கார்னேசனை மீண்டும் மீண்டும் நட்டு, ஆண்டுதோறும் மட்கும் படலத்தை உழுது புதைக்கும் நிலையில் இவ்வினாவைத் தனியே சோதிப்பது இன்றியமையாதது. மட்கும் வேகத்தை மட்டும் அளக்கும் சோதனை இதற்கு விடையளிக்காது.

பயிர்க்காலமும் படலத்தின் காலமும்

மேற்கண்ட வரலாற்றைத் தொகுத்து நோக்கினால், நான்கு வழிகளிலும் படலத்துக்குரிய தேவை வெவ்வேறாக இருப்பது புலனாகிறது.

வளிவழிக் கட்டுப்பாட்டுக்குப் படலம் சில நாள்கள் முதல் சில கிழமைகள் வரை நின்றால் போதும். ஆனால் அந்நாள்களில் அது வளியை ஊடுருவவிடாததாக இருத்தல் வேண்டும். மட்கும் பாலியெசுட்டர்கள் பாலித்தீனைக் காட்டிலும் நீராவியை எளிதில் கடத்துவன. இப்பணியில் காலத்தைக் காட்டிலும் பொருளின் தன்மையே தடையாகிறது. உயிர்வளி நீக்க முறைக்கும் இதே தடை பொருந்தும்.

வெப்பவழிக் கட்டுப்பாட்டுக்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை படலம் கிழியாமல் நிற்கவேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த அச்சூழலே மட்குதலையும் விரைவுபடுத்தும். நேப்பிள்சு பகுதியில் போனானோமி குழுவினர் 2008இல் வெளியிட்ட ஒப்பாய்வில், மட்கும் பொருள்களின்கீழ் மண்வெப்பம் நெகிழிப் படலத்தின் அளவுக்கு உயரவில்லை. ஆழத்திலுள்ள உறங்குவித்துகளை அழிப்பதற்குச் சில டிகிரி வேறுபாடும் முடிவை மாற்றும் என்பதால், கார்னேசன் வாடலுக்கு இது போதுமானதெனக் கொள்ள இயலாது.

ஒளிவழிக் கட்டுப்பாட்டுக்கு இலைப்பரப்பு மூடும்வரை படலம் இருந்தால் போதும். தடுப்புவழிக் கட்டுப்பாட்டுக்கு ஒரு பயிர்ப்பருவம் தேவை. நடவிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதங்களில் பூக்கும் கிளாடியோலஸ், ஒரு பருவத்தில் முடியும் சாமந்தி, ஆஸ்டர் போன்றவற்றுக்கு மட்கும் படலத்தின் வாழ்நாள் பொருந்துகிறது. ஈராண்டு வரை பாத்தியில் நிற்கும் கார்னேசனுக்கும், ஐந்தாண்டுக்கு மேலும் நிற்கும் ரோஜாவுக்கும் ஒருமுறை விரிக்கும் மட்கும் படலம் பாதியில் முடிந்துவிடும். படலத்தின் ஓரம் மண்மட்டத்தில் முதலில் மட்குவது, நூறாண்டுக்கு முன் ஹவாய்த் தாளுக்கு நேர்ந்ததை ஒத்ததாகும்.

மற்றொரு நன்மையும் இங்குச் சேர்த்தெண்ணத்தக்கது. பாலித்தீனை அகற்றும்போது அதில் ஒட்டிய மண்ணும் வேர்த்துணுக்குகளும் பாத்தியிலிருந்து பாத்திக்குக் கிருமியைக் கடத்துகின்றன. அதே இடத்தில் மட்கும் படலத்தில் இவ்வழி அடைபடுகிறது. ஆனால் நோயுற்ற செடியின் எச்சமும் அதனோடு மண்ணிலேயே தங்கிவிடும் வாய்ப்பு உண்டாதலின், செடிகளை வேரோடு அகற்றும் துப்புரவு முறையைக் கைவிட இயலாது.

முடிவுரை

மூடாக்குப் படலத்தின் நூற்றாண்டு வரலாற்றில் ஒரே இயல்பு காலத்துக்குக் காலம் வெவ்வேறாக மதிப்பிடப்பட்டுள்ளது. தாள் மட்கியமை குறையாகக் கருதப்பட்டுப் பாலித்தீன் ஏற்கப்பட்டது. பாலித்தீன் மட்காமை குறையாகக் கருதப்பட்டு மட்கும் நெகிழி தேடப்பட்டது. இவ்விரு மாற்றங்களிலும் களை, நீர், கழிவு ஆகியவையே முதன்மைக் காரணங்களாக இருந்தன. நோய்க் கட்டுப்பாடு பெரும்பாலும் பின்னர் வந்து சேர்ந்த பயனாகும். அதனால் மட்கும் படலத்தின் தரநிலைகளும் நோயியல் நோக்கில் வகுக்கப்படவில்லை.

மலர்ப்பயிர்களைப் பொறுத்தவரை, மட்கும் படலம் பாலித்தீனின் எல்லாப் பணிகளையும் ஏற்கும் மாற்றன்று. குறுகிய காலப் பயிர்களில் தெறிப்பைத் தடுக்கவும், களைகளை அடக்கி நோய்தாங்கிச் செடிகளைக் குறைக்கவும் அது தகுதியுடையது. வளியடைப்புக்கும் ஆழ்ந்த வெப்பமூட்டலுக்கும் இன்றைய நிலையில் அது தகுதியுடையதாகத் தெரியவில்லை. நெடுநாள் மண்ணில் தங்கும் பியூசேரியம் போன்ற கிருமிகள் உள்ள பாத்திகளில், நடவுக்குமுன் மண்ணைத் தூய்மைப்படுத்தும் பணியைத் திரும்ப எடுக்கத்தக்க வலுவான படலமும், நடவுக்குப்பின் பாத்தியை மூடும் பணியை மட்கும் படலமும் ஏற்பது வரலாறு சுட்டும் பொருத்தமான பகிர்வாகும். படலத்தை உண்ணும் பூசணங்களுக்கும் பயிரைத் தாக்கும் பூசணங்களுக்கும் உள்ள உறவை ஒரே பாத்தியில் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்வதே இத்துறையில் அடுத்து நிகழவேண்டிய பணியாகும்.